மூளையை வரைந்து பார்ப்பது: சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பு நடக்கிறது. நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லித்தருபவள். என்னோடு சேர்ந்து இதை நடத்துபவர் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் நரம்பு செல்களை வரைகிறார்கள், ஓவியங்களைப் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். அப்படியே மூளை எப்படி வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டு போகிறோம். மூன்று வருடமாக ஒரே சந்தேகங்கள், பிள்ளைகள், கூட வரும் பெரியவர்கள் என வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன்.

"மூளையைப் பத்திப் படிக்கணும்னா பயாலஜி புக் போதாதா டீச்சர்? படம் வரையுறது எதுக்கு?"

அந்தப் புத்தகத்தில் இருக்கிற நியூரான், அதாவது நரம்பு செல், படமே ஒருவர் உட்கார்ந்து கையால் வரைந்ததன் வழிவந்ததுதான். அவர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், 1852இல் ஸ்பெயினில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. அப்பா மருத்துவர், ஓவியம் சோறு போடாது என்று நினைத்தவர். பையனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழகக்கூட அனுப்பிப் பார்த்தார். கடைசியில் மகனை மருத்துவத்துக்கு இழுத்ததும் ஓவியம்தான். உடற்கூறு சொல்லித்தருவதற்காக இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டினார் அப்பா. மகன் அவற்றை வரைந்தார், வரைய வரைய அதில் மனசு ஒட்டிக்கொண்டது.

பிற்பாடு நுண்ணோக்கியில் நரம்பு மண்டலத்தைப் பார்த்து அவர் வரைந்து வைத்த படங்கள் ஏறக்குறைய 2,900. நரம்பு மண்டலம் தனித்தனி செல்களால் ஆனது என்று உலகம் ஒப்புக்கொண்டதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வகுப்பில் நாங்கள் படம் வரையச் சொல்வதும் இதனால்தான். வரையும்போது ஒரு பிள்ளை, இந்தக் கிளை எங்கே முடிகிறது, பக்கத்துச் செல்லைத் தொடுகிறதா இல்லையா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். வாசிக்கும்போது கண் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

"மூளைக்குள்ள மொத்தம் எத்தனை செல் இருக்கு?"

நியூரான்கள் மட்டும் சுமார் 8,600 கோடி. ரொம்ப காலம் 10,000 கோடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் முறையாக எண்ணவில்லை. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ ஹூசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்துக் கூழாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2009இல் வந்த கணக்கு இது.

அதில் பெரும்பகுதி, சுமார் 6,900 கோடி, சிறுமூளையில் இருக்கிறது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அது. மொத்த மூளையின் எடை 1.4 கிலோ அளவு, உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு. ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

"நாம மூளையில 10 சதவீதம்தான் யூஸ் பண்றோமாமே?"

இல்லை. முழுவதையும் பயன்படுத்துகிறோம், தூங்கும்போதும்கூட. ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலைத் தின்கிற உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்க உடம்பு விட்டுவைக்காது. சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தாலே பேச்சோ கையோ பார்வையோ பாதிக்கப்படுவதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

"அவ்ளோ செல்லும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குமே, காஹால் எப்படி ஒத்தச் செல்லைப் பார்த்தாரு?"

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வெட்டியெடுத்த மூளைத் துண்டை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் வெளிறிய ஒரு பரப்புதான் தெரியும். எல்லா செல்லுக்கும் சாயம் ஏற்றினால் அடர்ந்த முள்வேலி மாதிரி ஆகிவிடும், ஒரு கிளையைக்கூடப் பின்தொடர முடியாது. வழி கண்டவர் இத்தாலியர் கமில்லோ கோல்கி. செல் பாடத்தில் வருகிற கோல்கி உறுப்பு இவர் பெயரில் உள்ளதுதான். மிலான் நகருக்குப் பக்கத்தில் தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவர், அங்கே ஒரு சமையலறையைச் சோதனைக்கூடமாக்கி, 1873இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பொட்டாசியம் டைக்குரோமேட்டில் ஊறிய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் போட வேண்டும். நூறு செல்லில் ஒன்றிரண்டு மட்டும் வேர் நுனிவரை கறுப்பாகிவிடும், மற்றவை மஞ்சள் பின்னணியில் மறைந்துவிடும். ஏன் அந்த ஒன்றிரண்டு மட்டும் கறுக்கின்றன என்பதற்கு இன்றுவரை தெளிவான விளக்கம் கிடையாது.

காஹால் இந்தச் சாயத்தை முதலில் பார்த்தது 1887இல், மாட்ரிடில் இன்னொரு மருத்துவர் காட்டியபோது. சாயம் ஏற்றுவதை இரண்டு முறை செய்து அதை மேம்படுத்தினார். அடுத்து ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். வளர்ந்த மூளையை விட்டுவிட்டு, கோழிக் கருவின் மூளையையும் பிறந்த குட்டிகளின் மூளையையும் எடுத்துக்கொண்டார். இளம் நரம்பில் கொழுப்பு உறை இன்னும் சரியாகப் படிந்திருக்காது, அதனால் சாயம் நன்றாகப் பிடிக்கும், கிளைகளும் குறைவு. காட்டைப் புரிந்துகொள்ள நாற்றங்காலுக்குப் போனார் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

"கோல்கியும் காஹாலும் ஒரே சாயத்தைத்தானே பார்த்தாங்க? அப்புறம் ஏன் சண்டை?"

இருவரும் பார்த்தது ஒன்று, வரைந்தது வேறு. நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வலையாக இருக்கின்றன என்று கோல்கி நம்பினார். அவர் படங்களிலும் கோடுகள் கலந்து ஓடுகின்றன. காஹாலின் படங்களில் ஒவ்வொரு கிளையும் எங்காவது நின்றுவிடுகிறது. 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்த மேடையிலேயே, நியூரான் தனிச் செல் என்ற கொள்கையை எதிர்த்துத்தான் கோல்கி பேசினார்.

இரண்டு செல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. காஹாலின் நுண்ணோக்கியில் அது தெரிய வாய்ப்பே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து 1950களில்தான் கண்ணால் பார்த்தார்கள். அவர் படங்களில் குட்டிக் குட்டி அம்புக்குறிகளும் இருக்கும், செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டுவதற்கு. செத்த திசுவில் எதுவும் ஓடாது. பிறகு எப்படிப் போட்டார்? விழித்திரையிலும் மூக்கு நரம்பிலும் செய்தி எந்தப் பக்கமிருந்து வர முடியும் என்பது நமக்கே தெரியும்: ஒளியும் வாசனையும் வெளியிலிருந்து வருகின்றன. அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பவை குட்டையான கிளைகள். மூளையை நோக்கிப் போவது நீளமான ஒற்றை இழை. அப்படியானால் மற்ற செல்களிலும் இதே திசைதான் என்று முடிவு செய்தார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லுக்குச் செல் நேரடியாக மின்சாரம் பாயும் சந்திப்புகளும் சில இடங்களில் உண்டு என்று பின்னால் தெரிந்தது. கோல்கி முழுக்கத் தவறில்லை.

"இப்பதான் போட்டோ எடுக்கலாமே மிஸ், இன்னும் எதுக்குக் கையால வரையணும்?"

காஹாலுக்கும் புகைப்படம் தெரியும், அதில் பெரிய ஆர்வலர் அவர். அப்படியும் வரைந்தார். காரணம், திசுத் துண்டுக்குத் தடிமன் உண்டு. குவியத்தை ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு ஆழத்திலும் ஒவ்வொரு கிளை தெளியும். அன்றைய கேமரா ஒரு ஆழத்தை மட்டும் பிடிக்கும். மனிதக் கை எல்லா ஆழத்தையும் ஒரே தாளில் சேர்த்துவிடும். பல துண்டுகளில் பார்த்ததை ஒரே படமாகக் கோத்தும் வரைந்திருக்கிறார்.

கை ஏமாற்றவும் செய்யும். லியனார்டோ டா வின்சி முதலில் மூளையை வரைந்தபோது, உள்ளே மூன்று அறைகள் வரிசையாக இருப்பதாகப் போட்டார். பழைய நூல்கள் அப்படிச் சொல்லி வந்தன. காதால் கேட்டதைக் கை வரைந்தது. பிற்பாடு மாட்டின் மூளைக்குள் உருக்கிய மெழுகைச் செலுத்தி, இறுகிய பின் திசுவை நீக்கி, உள்ளே இருக்கும் குழிகளின் உண்மையான வடிவத்தை எடுத்தார். சிலைக்கு வார்ப்பு எடுக்கிறவர்களின் உத்தி அது. வடிவம் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் பழைய பெயர்களையே எழுதி வைத்தார், நினைவு இங்கே, சிந்தனை இங்கே என்று.

இன்றைய வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் குழந்தைகளின் மூளையை 5,132 துண்டுகளாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் பெரிய திரையில் அதைப் போட்டுவிட்டு, ஒரு துண்டை மட்டும் பென்சிலால் வரையச் சொன்னோம். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடும் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்குன்னு சொல்றாங்களே? என் பொண்ணு வலது மூளைன்னு ஒரு டெஸ்ட்ல வந்துச்சு."

அந்த டெஸ்டை மறந்துவிடுங்கள் அக்கா. இரண்டு பாதிக்கும் வேறுபாடு இருப்பது உண்மை. கடும் வலிப்பு நோய்க்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பு இழைக் கட்டு வெட்டப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து அதை ரோஜர் ஸ்பெர்ரி காட்டினார், 1981இல் நோபல் பெற்றார். பெரும்பாலோருக்குப் பேச்சு இடது பாதியைச் சார்ந்தது. ஆனால் மனிதர்களை இடது ஆள், வலது ஆள் என்று பிரிக்க அந்த ஆராய்ச்சியில் இடமே இல்லை. நமக்கு இணைப்பு வெட்டப்படவும் இல்லை.

ஓவியம் இரண்டு பாதிக்கும் பொதுவான வேலை என்பதற்கு ஜெர்மானிய ஓவியர் ஆன்டன் ரேடர்ஷைட்டின் சுயஉருவப் படங்களைக் காட்டுவேன். 1967இல் அவருக்கு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. முதலில் வரைந்த படங்களில் முகத்தின் இடப்பக்கம் கிட்டத்தட்ட வெறும் தாள். கண் கெடவில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வரவில்லை. மாதங்கள் போகப்போக இடது பாதி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது பாதி அடிபட்டும் அவர் ஓவியராகவே இருந்தார். மருத்துவர்கள் நோயாளியிடம் கடிகாரம் வரையச் சொல்வதும் இந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கத்தான்: இப்படிப்பட்டவர்கள் வரைந்தால் பன்னிரண்டு எண்களும் வலப்பக்கமே நெருக்கிக்கொண்டு நிற்கும்.

"ஓவியத்தைப் பார்த்து மூளையைப் பத்தி என்ன தெரிஞ்சுக்க முடியும்?"

ஃபோனை எடுங்கள். கிளாட் மோனே 1872இல் வரைந்த துறைமுகச் சூரிய உதயத்தைத் தேடிப் பாருங்கள். சாம்பல் நீல மூடுபனியில் ஆரஞ்சுச் சூரியன் துடிப்பது போலவே இருக்கும். இப்போது அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சூரியனுக்கும் சுற்றியுள்ள மேகத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம், நிறம் மட்டும்தான் வேறு. இதை எடுத்துக் காட்டியவர் ஹார்வர்டில் பார்வை நரம்பியலை ஆராய்ந்த மார்கரெட் லிவிங்ஸ்டன்.

பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று பார்க்கும் பாதை மூளையில் ஒன்று; என்ன பொருள், என்ன நிறம் என்று பார்ப்பது இன்னொன்று. முதல் பாதைக்கு நிறம் பெரும்பாலும் தெரியாது. எனவே ஒரு பாதை 'இதோ சூரியன்' என்கிறது, மற்றது 'அங்கே ஒன்றுமில்லையே' என்கிறது. அந்த இழுபறிதான் துடிப்பு என்பது அவர் விளக்கம். மோனாலிசா சிரிப்பையும் அவர் இப்படியே பிரித்தார். நாம் நேராகப் பார்க்கும் இடம் மட்டும்தான் நுணுக்கமாகத் தெரியும், ஓரப்பார்வைக்கு மங்கலான நிழல்கள்தான். அந்தச் சிரிப்பு நிழல்களில் இருக்கிறது. கண்களைப் பார்த்தால் சிரிக்கிறாள், உதட்டையே பார்த்தால் சிரிப்பு மங்குகிறது. மோனேவும் லியனார்டோவும் பார்வையைப் பற்றி எதையோ கையால் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு நரம்பியல் காரணம் கிடைக்க நூற்றாண்டுகள் ஆயின.

"நான் பரதம் சொல்லித்தரேன். ஆட்டத்தைப் பார்க்கறவங்க மூளையில என்ன நடக்குது?"

2005இல் லண்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். பாலே என்ற ஐரோப்பிய நடனம் ஆடுபவர்கள், கபோயரா என்ற பிரேசில் ஆட்டம் ஆடுபவர்கள், எதுவும் ஆடாதவர்கள் என மூன்று குழு. ஸ்கேனுக்குள் அசையாமல் படுத்தபடி இரண்டு ஆட்டங்களின் வீடியோவையும் பார்த்தார்கள். தங்கள் உடம்பு பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது, உடம்பை அசைக்கத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. கண் பழக்கமா, உடம்புப் பழக்கமா என்று ஒரு சந்தேகம் வருமே? அதற்கு மறு வருடம் இன்னொரு ஆய்வு. பாலேயில் ஆண்கள் மட்டும் செய்யும் அசைவு, பெண்கள் மட்டும் செய்யும் அசைவு என்று உண்டு. இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுப்பதால் இரண்டையும் தினமும் பார்த்திருப்பார்கள். அப்படியிருந்தும் தாங்கள் செய்த அசைவுக்குத்தான் கூடுதல் விளைவு.

பரதம் ஆடியவர் பரதம் பார்க்கும்போதும் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். எங்கள் வகுப்பில் இதைக் கேட்ட பரத டீச்சர் ஒரு நாள் எல்லோரையும் அரைமண்டியில் உட்காரவைத்து நாலு அடவு தட்டவைத்தார், பிறகு ஆடிக் காட்டினார். அப்பாக்கள் சிலர், இதுவரை கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், இன்றுதான் காலைப் பார்த்தோம் என்றார்கள்.

"சில பாட்டைக் கேட்டா உடம்பு புல்லரிக்குதே, அது ஏன்?"

மான்ட்ரியலில் 2011இல் வெளியான ஆய்வில், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டுப் புல்லரித்தவர்களின் மூளையில் டோபமின் சுரந்தது தெரிந்தது. சாப்பாட்டுக்கும் பரிசுக்கும் சுரக்கிற அதே பொருள். அந்த உச்சம் வருவதற்குச் சில நொடி முன்பு மூளையில் ஒரு பகுதியிலும், உச்சம் வந்த கணத்தில் வேறொரு பகுதியிலும் அது சுரந்தது. காத்திருப்பே ஒரு தனி இன்பம்.

கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வையை, அதாவது முடிக்கும் தாளக்கட்டை, மூன்றாம் முறை வாசித்துக்கொண்டு வருகிறார். சபை மொத்தமும் கையில் தாளம் போட்டபடி, பாட்டு மறுபடி தொடங்கும் இடமான எடுப்புக்குக் காத்திருக்கிறது. சரியாக வந்து விழுகிறது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. ஆனா பழைய பாட்டு ஒண்ணு வார்த்தையோட பாடுறாரு. அப்போ பேசவும் முடியும்தானே?"

இதைக் கேட்ட பெண்ணிடம் கவனமாகத்தான் பதில் சொன்னேன். பேச்சை உண்டாக்கும் வேலை பெரும்பாலோருக்கு இடது நெற்றிப்புறத்தைச் சார்ந்தது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஒரே அசையை மட்டும் சொல்லக்கூடிய நோயாளியின் மூளையைப் பார்த்து இதை முன்வைத்தார். பாட்டுக்கு இரண்டு பாதியும் உதவுகின்றன. மேலும், மனப்பாடமான பாட்டு ஒரே சங்கிலியாக வந்துவிடும். 'தண்ணி வேணும்' என்பதைப் புதிதாகக் கோத்துச் சொல்வது வேறு வேலை. அதனால் பாடுகிறார் என்பதாலேயே பேசிவிடுவார் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பாட்டைப் பாலமாக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 1973இல் பாஸ்டனில் உருவாக்கினார்கள். தேவையான சிறு வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு இராகம் போல இழுத்துச் சொல்லவைத்து, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்டவைத்து, மெல்ல மெல்ல இராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். சொல்வது புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை என்ற வகையினரில் சிலருக்கு இது உதவுகிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள், அப்பா பாடுகிறார் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

"வீணை கத்துக்கிட்டா மார்க் ஏறுமா? மிட்பிரெயின் ஆக்டிவேஷன் கிளாஸ்ல சேர்க்கலாமா?"

முதலில் இசை. மோசார்ட் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சு 1993இல் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்கள் 36 பேர், பத்து நிமிட இசை, தாளை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்ற மாதிரியான கேள்விகள். பலன் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. குழந்தைகள் அந்த ஆய்விலேயே கிடையாது. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டார். பிடித்த எதைக் கேட்டாலும் உற்சாகம் வரும், உற்சாகத்தில் கொஞ்சம் நன்றாகச் செய்வோம் என்பதே பின்னால் வந்த விளக்கம். கேட்பது வேறு, வருடக்கணக்கில் வாசிப்பது வேறு. சிறு வயதிலேயே வாசிக்கத் தொடங்கியவர்களின் மூளையில், இரு பாதிகளையும் இணைக்கும் கட்டின் முன்பகுதி தடிமனாக இருப்பதை 1995இலேயே கண்டார்கள். மார்க்குக்காக வீணை வேண்டாம். வீணைக்காக வீணை கற்றுக்கொள்ளட்டும்.

நடுமூளையைத் தூண்டிவிட்டால் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும் என்று சொல்லும் மிட்பிரெயின் வகுப்பில் சேர்க்க வேண்டாம். நடுமூளை பிறந்த நாள் முதல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணை அசைப்பதிலும் சத்தம் கேட்டுத் திரும்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் குழந்தை மூக்கோரத்து இடுக்கு வழியே பார்க்கிறது. பெரியவர்களைத் திருப்திப்படுத்த ஒரு குழந்தை பொய் சொல்லப் பழகுவதைத்தான் அங்கே காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு.

"சோழர் சிலை ஏன் அழகா இருக்குன்னு நம்ம ஊர் டாக்டர் ஒருத்தர் மூளையை வச்சு விளக்கியிருக்காராமே?"

வி.எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர் ஆனவர். துண்டிக்கப்பட்டு இல்லாமல் போன கையில் வலிக்கிறது என்று துடித்தவர்களுக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய பெட்டி வைத்து நிவாரணம் காட்டியவர். 1999இல் வில்லியம் ஹர்ஸ்டைனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் கலைக்கும் மூளைக்கும் சில விதிகளை முன்வைத்தார். அதில் முக்கியமானது மிகைப்படுத்தல். கடற்காக்கைக் குஞ்சு, தாயின் அலகில் இருக்கும் சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். நிக்கோ டின்பெர்கன் தாய்க்குப் பதில் சிவப்புப் பட்டைகள் போட்ட ஒரு குச்சியைக் காட்டினார். நிஜ அலகைவிட அதைத்தான் குஞ்சு ஆவேசமாகக் கொத்தியது. மூளை தேடும் அடையாளத்தைக் கூட்டிக் காட்டினால் எதிர்வினையும் கூடும். சோழர் காலப் பார்வதியின் ஒடுங்கிய இடையும் மூன்று வளைவில் நிற்கும் உடலும் அந்த மாதிரி என்கிறார்.

எனக்கு இதில் பாதி சம்மதம். சட்டென்று கண் ஏன் அங்கே போகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். ஆனால் கூட்டிக்கொண்டே போனால் அழகு கூட வேண்டும். அப்படிக் கூடுவதில்லை, ஒரு கட்டத்தில் கேலிச்சித்திரமாகிவிடும். எங்கே நிறுத்துவது என்பது ஸ்தபதிக்குத் தெரியும். சுவாமிமலையில் இன்றும் தென்னை ஓலையை மடித்து அளவு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அந்த அளவுகளைப் பற்றிக் கடற்காக்கை நமக்கு எதுவும் சொல்வதில்லை. அந்தப் பார்வதி கும்பிடவும் படுகிறாள் என்பதற்கும் இந்த விதியில் இடமில்லை.

"ஸ்கேன்ல சிவப்பா எரியுற இடம்தான் அழகை ரசிக்கிற இடமா?"

எதுவும் எரியவில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைப் பார்க்கிறது. செல் வேலை செய்து சில நொடி கழித்துத்தான் அந்த மாற்றம் உச்சத்துக்கு வரும். படத்தில் ஒரு புள்ளி என்பது இலட்சக்கணக்கான நியூரான்கள். சிவப்பும் மஞ்சளும் கணினியில் ஒருவர் தேர்ந்தெடுத்துப் பூசிய வண்ணங்கள். காஹாலின் கோட்டைப் பற்றிச் சொன்னேனே, வரைவது முடிவெடுப்பது என்று. ஸ்கேன் படமும் அப்படி வரையப்பட்டதுதான்.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், அந்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். இதற்காக எல்லா ஸ்கேன் ஆய்வையும் தள்ள வேண்டாம். பாலே ஆய்வு மாதிரி, ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அதை மறு ஆய்வில் தீர்ப்பவற்றை நான் நம்புகிறேன். 'அழகின் இருப்பிடம் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பைப் பார்த்தால் நிதானிப்பேன்.

"மூளையில நோய் வந்தா கலை வருமா? அப்படி ஒரு கதை படிச்சேன்."

ஆன் ஆடம்ஸைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கனடாவில் இருந்த விஞ்ஞானி, பின்னாளில் முழுநேரமாக வரைந்தவர். 1994இல், 53 வயதில், ராவெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பொலேரோ இசையை ஓவியமாக்கினார். இசையின் ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் ஒரு நெடிய உருவம். ஒலி கூடினால் உயரம் கூடும், சுருதிக்கு ஒரு நிறம். வரிசை மாறாமல் போய்க்கொண்டே இருக்கும், முடிவில் சுருதி மாறும் இடத்தில் நிறம் சட்டென்று ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகும். சில வருடம் கழித்து அவருக்குப் பேச்சு மெல்ல மெல்லக் குறையும் நோய் வெளிப்பட்டது. பழைய ஸ்கேன்களைப் பார்த்தபோது, மொழிப் பகுதி தேயத் தேய, பின்புறம் பார்வை சார்ந்த பகுதி ஒன்று செழித்திருந்ததாக 2008இல் எழுதினார்கள். ராவெலும் பொலேரோவை 53 வயதில்தான் எழுதினார். அவரும் பின்னால் பேச்சையும் எழுத்தையும் இழந்தார். அதே நோயா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு பகுதி அடங்கும்போது அது அடக்கி வைத்திருந்த இன்னொன்று தலைதூக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் இந்த நோய் வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகிறது. மற்றவர்களுக்கு இழப்பு மட்டும்தான். ஆடம்ஸும் கடைசியில் பென்சில் பிடிக்க முடியாத நிலைக்கு வந்து 2007இல் இறந்தார். நோயைக் கொடை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"ஞாபகமே நிக்காத ஒருத்தர் வரையக் கத்துக்க முடியுமா?"

முடிந்திருக்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அறுத்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோட்டில். தாளையும் கையையும் நேராகப் பார்க்க முடியாது, எதிரே வைத்த கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாளில் மொலைசன் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை முதல் தடவை செய்வதாகவே நினைத்தார். நடந்ததை நினைவில் வைப்பதும் கை பழகுவதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள் என்று இதிலிருந்து தெளிவானது. அவர் 2008இல் இறந்தார். மூளையை 2,401 மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அதற்கு முன்னால் தாளை வையுங்கள். கை நேராகத் தெரியாதபடி ஒரு அட்டையை மேலே பிடிக்க இன்னொருவர் வேண்டும். நட்சத்திரத்தின் மூலைக்கு வந்ததும் கை எதிர்ப்பக்கம் போகும், எரிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள். எத்தனை முறை கோட்டைத் தாண்டினீர்கள் என்று எண்ணித் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மூன்று நாள் செய்து, தாள்களை அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் நூலகச் சுவரில் வரிசையாக ஒட்டுவோம்.